வித்துராவுக்கு ஏழு சக்கரம்

"மேடம்..." என்று ஆரம்பித்தார் நெல்லையப்பன். அதற்கு மேல் குரல் வரவில்லை.

சூப்பரிண்டெண்ட் சரோஜம் மேடம் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எந்தா நெல்லையப்பன்? சொல்லுங்க."

"அது வந்து மேடம்... ஃபேன் நல்லா சுத்துதா?"

மேடம் மேலே பார்த்தார். நெல்லையப்பனும் மேலே பார்த்தார். ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"சுத்துது மேடம்" என்று தானே சாட்சியும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இது நாலாவது தடவை. முதல் தடவை உள்ளே போய் மழை வருமா என்று கேட்டார். அடுத்தது சன்னல் கொக்கி. மூன்றாவது தடவை, மேடத்தின் காலண்டரில் தேதி கிழிக்கவில்லை என்று கிழிக்கப் போய், நாளைய தேதியையும் சேர்த்துக் கிழித்து வைத்தார்.

மனுஷன் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான். "என் டிரான்ஸ்பர் அப்ளிகேஷன் என்னாச்சு மேடம்?"

நெல்லையப்பனுக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு வாரிய அலுவலகத்தில் தபால் கிளார்க் வேலை. வருகிற உறைகளைப் பிரித்து, சீல் குத்தி, நம்பர் போட்டு மேடத்தின் மேசைக்கு அனுப்ப வேண்டும். மனைவி மங்கலம் போனக்காடு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். அடிவாரத்து வித்துராவிலிருந்து மலை ஏறும் பஸ் ஒரு நாளைக்கு மூன்றோ நாலோ. அதனால் இவர் பழவங்காடியில் ஒரு லாட்ஜில் கிடந்து, சனிக்கிழமைதோறும் மலை ஏறுவார்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, கும்பிடாத சாமியெல்லாம் கும்பிட்ட பிறகு, மங்கலத்துக்கு இப்போது ஏழாம் மாசம். வித்துரா சப் ஆபீசில் ஒரு இடம் காலி. அது கிடைத்தால் தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். மனுக் கொடுத்து ரெண்டு மாசம் ஆகிறது. கேட்கலாம் என்று போனால் மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார், இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் அந்த அம்மா இதுவரை யாரையும் கடித்ததாகத் தகவல் இல்லை.

பக்கத்து மேசை விபின்தான் வழி சொன்னான். "அண்ணே, உங்களுக்குத் தொண்டைச் சக்கரம் அடைச்சுப் போச்சு. பழவங்காடியிலே அழகியநம்பி மாஸ்டர் தியானம் சொல்லிக் குடுக்காரு. என் மச்சானுக்கு அங்கே போய்த்தான் திக்குவாய் நின்னுது."

அழகியநம்பி மாஸ்டர் பேங்கில் ரிட்டையர் ஆனவர். கணபதி கோயிலுக்கு எதிரே ஒரு பாத்திரக்கடை மாடியில் வகுப்பு. பதினைந்து பேர் கண்ணை மூடி உட்கார்ந்து ஆழத்துக்குப் போகும் நேரம் பார்த்து, கீழே யாராவது வேண்டுதல் தேங்காயைக் கல்லில் எறிவார்கள். டமாரென்று சத்தம் கேட்டதும் பதினைந்து பேரும் ஒரு சாண் துள்ளி உட்காருவார்கள். மாஸ்டர் மட்டும் அசைய மாட்டார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்.

நெல்லையப்பன் கதையைக் கேட்டுவிட்டு மாஸ்டர் சொன்னார்: "விசுத்திச் சக்கரம். இடம் தொண்டை, மந்திரம் ஹம். மேடத்தைப் பாக்கப் போகும்போது மனசை அங்கே நிறுத்தி, ஹம்முன்னு ஒரு நூத்தியெட்டு. வார்த்தை தானா வரும்."

மறுநாள் நெல்லையப்பன் மேடத்தின் அறைக் கதவுக்கு வெளியே நின்று, கண்ணை மூடி ஆரம்பித்தார். "ஹம்ம்ம்ம்... ஹம்ம்ம்ம்..."

அறுபது ஆகியிருக்கும். உள்ளேயிருந்து மேடத்தின் குரல். "பொன்னம்மே! ரூமுக்குள்ளே வண்டு வந்திருக்கு. ஒண்ணு அடிச்சு வெளியே போடு!"

பொன்னம்மை அந்த ஆபீசின் அட்டெண்டர். பாறசாலைக்காரி. வேலைக்கு வந்து முப்பது வருஷம், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிடுவாள். துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு வந்தவள், கதவோரம் முனகிக்கொண்டு நின்ற நெல்லையப்பனின் தோளில் ஒன்று போட்ட பிறகுதான் ஆளைப் பார்த்தாள்.

"அய்யோ சாரே! நீங்களா? வண்டுண்ணுல்லா மேடம் சொன்னா!"

மாஸ்டர் இதைக் கேட்டு வருத்தப்படவில்லை. "அஸ்திவாரம் போடாம மொட்டை மாடிக்கு ஏறினா இப்படித்தான். கீழே மூலாதாரத்திலேருந்து வாரும். லம். தினமும் இருபது நிமிஷம், அமைதியான எடமா இருக்கணும்."

"லாட்ஜிலே ரூமுக்கு நாலு பேரு சார். அதிலே ஒருத்தன் செண்டைமேளம் படிக்கான்."

"ஆபீசிலே எடமில்லையா?"

இருந்தது. ரெக்கார்ட் ரூம். பழைய ஃபைல்கள் கூரை வரைக்கும் கிடக்கும், ஈ காக்காய் நுழையாது. மதியச் சாப்பாடு முடிந்ததும் பொன்னம்மையிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, ஒரு பாயை விரித்து உட்கார்ந்தார் நெல்லையப்பன். லம்... லம்... லம்...

நாலைந்து நாள் போனதும் மாஸ்டரிடம் சந்தோஷமாகச் சொன்னார். "சார், முதல்ல கட்டாந்தரையா குத்திச்சு. இப்போ கீழேருந்து மெத்து மெத்துன்னு ஒரு இதம் வருது."

"பாத்தீரா, மூலாதாரம் மலருது!" என்றார் மாஸ்டர். வகுப்பே திரும்பி நெல்லையப்பனைப் பொறாமையோடு பார்த்தது.

இதத்தில் இருபது நிமிஷம் நாற்பதாயிற்று, நாற்பது ஒரு மணி நேரமாயிற்று. ஒரு நாள் மேடம் தேடி வந்தபோது தபால் பிரிவு நாற்காலி காலி. மறுநாள் காலை முதல் மெமோ வந்தது. மதிய வேளைகளில் இருக்கையில் காணப்படாததற்கு விளக்கம் தேவை.

விளக்கம் சொல்ல உள்ளே போனார். மேடம் பார்த்தார். இவர் வாயைத் திறந்தார்.

"மேடம்... காலண்டர் புதுசு வாங்கட்டுமா?"

"பயம் தொண்டையிலே இல்லை ஓய், வயித்துலே!" என்றார் மாஸ்டர். "மணிபூரகம். அக்னி ஸ்தானம். லம்மைப் பத்து நிமிஷமாக் குறைச்சுட்டு ரம் போடும். உள்ளே தீ பத்தினா யாரும் எதிரே நிக்க முடியாது."

அதென்னவோ தீ நன்றாகவே பற்றியது. காலையில் ஓட்டலில் சாம்பார் தண்ணியாக இருக்கிறதென்று ஒரு கூச்சல். செண்டைக்காரனின் கோலைப் பிடுங்கி சன்னல் வழியாக எறிந்தாயிற்று. பஸ்ஸில் தன் காலை மிதித்தவனை விட்டுவிட்டு, பேசாமல் நின்ற இன்னொருவனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தார். அதே சூட்டோடு ஆபீசுக்குள் நுழைந்தபோது மேசையில் போன் அடித்தது.

"ஆராணு?" என்றது ஒரு குரல்.

"போன் பண்ணினவன் நீரு, யாருன்னு என்னைக் கேக்கீரா? நீரு யாருவே முதல்ல?"

"ஞான் டைரக்டராணு."

தீ குப்பென்று அணைந்தது. நெல்லையப்பன் போனை வைக்கவும் தெரியாமல், பேசவும் தெரியாமல், "ஹம்" என்றார். சாயங்காலத்துக்குள் ரெண்டாவது மெமோ.

மாஸ்டர் இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தார். "உமக்கு நெருப்பு ஒத்துக்கலை. இருதயத்துக்கு வந்திருவோம். அனாகதம், யம். அன்பு ஓய், அன்பு! அந்தம்மாவைப் பாக்கும்போதெல்லாம் மனசு நிறைஞ்சு ஒரு புன்னகை பண்ணும். மூணே நாள்லே கல்லும் கரைஞ்சிரும்."

நெல்லையப்பன் புன்னகைத்தார். காலையில் மேடம் வரும்போது புன்னகைத்தார். ஃபைல் நீட்டும்போது யம் என்று உள்ளுக்குள் சொல்லிப் புன்னகைத்தார். தன் நாற்காலியில் இருந்தபடியே, திறந்திருந்த கதவு வழியாக மேடத்தைப் பார்த்து, அவர் நிமிரும்போதெல்லாம் அசராமல் புன்னகைத்தார். ரெண்டாம் நாள் மேடம், ஏழு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்றாம் நாள், மேலதிகாரியைப் பார்த்து இடைவிடாமல் சிரிப்பதற்கான காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கும்படி மூன்றாவது மெமோ வந்தது.

"மூணு மெமோ வாங்கின ஆளுக்கு எந்தக் காலத்திலேயும் டிரான்ஸ்பர் கிடைச்சதில்லே அண்ணே" என்றான் விபின். வழி சொன்னவன் அவன்தான் என்பது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

நெல்லையப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு கேள்வியைக் கேட்கத் துப்பில்லாமல், நடக்கவிருந்த காரியத்தையும் தானே கெடுத்துக்கொண்டோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

அப்போதுதான் போன் வந்தது. எஸ்டேட் ஆபீசிலிருந்து மங்கலம்.

"என்னங்க, பயப்படாதீங்க. பள்ளிக்கூடத்துப் படியிலே இறங்கும்போது தலை சுத்தி உக்காந்துட்டேன். டாக்டர் வந்து பாத்தாச்சு, நல்லாத்தான் இருக்கேன். ஆனா திடீர்னு ஒரு வலி வந்தா இந்த மலையிலே நான் யாரைக் கூப்பிட? நீங்க போய்க் கேக்கீங்களா, இல்லை நானே வந்து அந்தம்மாகிட்டே கேக்கட்டுமா?"

நெல்லையப்பன் போனை வைத்தார். மூலாதாரம், மணிபூரகம், அனாகதம் ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. சாத்தியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"மேடம்! எனக்கு வித்துராவுக்கு டிரான்ஸ்பர் வேணும்! ஒம்பது வருஷம் கழிச்சு எம்பொண்டாட்டி மாசமா இருக்கா. மலை மேலே ஒத்தையிலே கிடக்கா. நான் வண்டு மாதிரி இங்கே முனகிக்கிட்டுக் கிடக்கேன். மெமோ இன்னும் பத்துகூடக் குடுங்க, வாங்கிக்கிடுதேன். டிரான்ஸ்பரைத் தாங்க மேடம்!"

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியம். இவ்வளவு வார்த்தையும் தன் வாயிலிருந்தா வந்தது?

சரோஜம் மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் அந்த முகம் சாதாரண முகமாகத்தான் இருந்தது.

"நெல்லையப்பன், நிங்கள்க்கு சுகமில்லையா? நீங்க மனுக் குடுத்த அன்னைக்கே நான் எழுதி அனுப்பியாச்சு. ஆர்டர் வந்து மூணு வாரமாச்சு."

"மேடம்?"

"நடுவிலே நீங்க டைரக்டரைக் கண்டபடி பேசி, அவரு கேன்சல் பண்ணுன்னாரு. 'அந்தக் குட்டி கர்ப்பமா இருக்கு, பாவம் சார்'னு நான்தான் சொல்லித் தடுத்தேன். நாளைக்குள்ளே நீங்க வித்துராவிலே ஜாயின் பண்ணணும். ஆனா நீங்க போற மாதிரியே தெரியலை. சும்மா என்னைப் பாத்துச் சிரிக்குதீங்க! நன்றி சொல்லக் கூச்சம்னு முதல்ல நினைச்சேன். பிறகு எனக்குப் பயமாயிட்டு."

"எனக்கு ஆர்டரே வரலையே மேடம்! நான் கண்ணாலேயே பாக்கலையே!"

"வராம எங்கே போவும்? மத்தியானத் தபால்லே உங்க செக்ஷனுக்குத்தான் வந்தது. வாங்கினதுக்குப் பொன்னம்மை கையெழுத்து இருக்கு." மேடம் மணியை அடித்தார். "பொன்னம்மே! இவரு ஆர்டர் வந்த மத்தியானத் தபாலை எங்கே வச்சே?"

பொன்னம்மை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் தியானத்திலே இருக்கும்போ கூப்பிடாதே, வாற தபாலை நான் உக்காருத எடத்திலேயே பத்திரமா வச்சிருண்ணு சாருதானே சொன்னிய? காத்துலே பறந்துரப்பிடாதேண்ணு நான் தினமும் பாய்க்கு அடியிலே கொண்டு வச்சேன், சாரு மூணு வாரமா அது மேலே உக்காந்து அடைகாத்துக்கிட்டுல்லா இருக்கிய!"