காய்ந்தால் முகம் தெரியும்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம் பல. இவ்விடம் யாவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக் கை வரவில்லை. சௌக்கியமாக இருப்பது உங்கள் தங்கை ஒருத்திதான். வீட்டைத் தலைகீழாக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள்.

நீங்கள் பார்த்துச் சொன்ன மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படம் கேட்டார்கள் அல்லவா? ரயில் வந்த மறுவருஷமே இந்த ஊருக்குப் படப்பெட்டிக்காரர் ஒருவரும் வந்து சேர்ந்திருக்கிறார். அவரை வரவழைத்தேன். கொல்லைப்புறத்தில் வெயில் பார்த்து நாற்காலி போட்டார். பெண்ணின் தலை ஆடாமலிருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புக் கவை ஒன்றை நிறுத்தி, "பெட்டிக் கண்ணோட மூடியைத் திரும்பப் போடுற வரைக்கும் அசையக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். என் மகளைத்தான் உங்களுக்குத் தெரியுமே, தூக்கத்தில்கூட ஒரு இடத்தில் கிடக்கமாட்டாள். அவளே பாவம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நானாவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், "அசையாதேம்மா" என்று சொல்லித் தொலைத்தேன், "அசையலையேப்பா" என்று அவள் திரும்ப, வியர்வையைத் துடைக்கிறேன் பேர்வழி என்று உங்கள் தங்கை குறுக்கே பாய, துணிக்குள்ளிருந்து "ஐயோ, போச்சு!" என்று ஒரு அலறல்.

கழுவி எடுத்த தகட்டில் நாற்காலி பிரமாதமாக விழுந்திருக்கிறது. உடுப்பின் சரிகை இழை இழையாகத் தெரிகிறது. கழுத்துக்கு மேலே வெறும் புகை. பக்கத்தில் அநாதையாக ஒரு கை. "இதைத் தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டுப் புதுத் தகடு வாங்கப் படப்பெட்டிக்காரரோடு கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் உங்கள் தங்கை அதைப் பொட்டலம் கட்டித் தபாலில் சேர்த்துவிட்டாள்! கேட்டால், "ஏங்க கத்தறீங்க? இன்னும் ஈரம் காயல. அவங்க ஊரு போய்ச் சேர்றதுக்குள்ள காஞ்சு, மூஞ்சி தெளிஞ்சு வந்துடும்" என்கிறாள். இவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்!

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுதுவதற்குள் பலதரம் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். பெண்ணோ நேற்றிலிருந்து வாயே திறக்கவில்லை. "மூஞ்சியில்லாதவளை யாருப்பா கட்டிக்குவாங்க?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள். அவள் சத்தமில்லாத வீடு எனக்குப் பயமாக இருக்கிறது.

தபால் ஊர் ஊராக நின்று வரும். இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நம் வண்டிக்காரர் நேரே ரயிலேறுகிறார். நீங்கள் மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே நின்று, பொட்டலம் வந்ததும் எதையாவது சொல்லி வாங்கிவிடுங்கள். பேச்சுக்கு மசியவில்லையானால் பிடுங்கிக்கொண்டு ஓடுங்கள். குடும்ப மானம் உங்கள் கையில்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், குழந்தைகளுக்கு ஆசிகளையும், நான் பதறுவது தெரியாதபடி சொல்லவும்.

இப்படிக்கு,
உட்கார முடியாமல் தவிக்கும் உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் படம் தபாலில் வந்து சேர்ந்தது. தாயும் தகப்பனும் கல்லாக நிற்கிறார்கள். நடுவில் மாப்பிள்ளைக்கு மூன்று தலை. ஒன்று தாயைப் பார்க்கிறது, ஒன்று தகப்பனைப் பார்க்கிறது, மூன்றாவது எதற்கோ சிரிக்கிறது. என் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்பா, இவரையே பேசி முடிச்சிடுங்க" என்கிறாள். ஆகவே பொட்டலம் போய்ச் சேரட்டும். முன்பக்கத்தைப் படித்த வேகத்தில் ஓடிப்போய்ப் பிடுங்கியிருந்தீர்களானால், நல்ல வார்த்தை நாலு சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்படியே கல்யாணத்துக்கு நாளும் கேட்டுக்கொண்டு வரவும்.