தொண்டைக்கு ஒரு டி.வி.

மயக்க டாக்டர்களின் வேலையை யாரும் பார்ப்பதில்லை. நோயாளி தூங்கிவிடுவார். சர்ஜன் கை கழுவிக்கொண்டிருப்பார். சொந்தக்காரர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருப்பார்கள். முடிந்ததும் கும்பிடெல்லாம் கத்தி பிடித்தவருக்கு. "ஊசி போட்டாரே, அவரு யாருங்க?" என்று யாராவது கேட்டால், "அவருங்களா, டாக்டர் கூட வந்தவருங்க" என்பார்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் இந்த அநீதியை ஒழிக்கப் புறப்பட்டேன். (எனக்கு அப்போது முப்பது வயது. அந்த வயதில் அநீதி என்றால் நமக்கு நடப்பது மட்டும்தான்.)

சொந்தமாக ஓர் ஆஸ்பத்திரி கிடையாது. காலையில் காரமடையில் ஒரு குடல்வால், சாயங்காலம் உடுமலைப்பேட்டையில் ஒரு ஹெர்னியா என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக அலைந்தேன். "கண்டக்டருக்குக் கட்டிக் குடுத்திருந்தாக்கூட வாரத்துல ஒருநா லீவுல ஊட்டுல இருந்திருப்பாருங்க" என்பாள் என் மனைவி மலர். அவளுக்கு அப்போது வயிற்றில் ஏழு மாதம்.

அந்த நேரத்தில்தான் கோவையில் புதிதாகக் கட்டிய ஓர் ஆஸ்பத்திரிக்கு நிரந்தர மயக்க டாக்டர் தேவைப்பட்டார். அதன் பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "எங்க நர்ஸுகளுக்கு டியூப் போடறது எப்படின்னு பொம்மைல ஒருக்கா செஞ்சு காட்டுங்க. பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாமுங்க" என்றார். தினமும் செய்கிற வேலை. செய்துவிட்டு வந்திருக்கலாம்.

டியூப் போடுவதென்றால், மயங்கியவரின் மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகுவது. அதற்கு லாரிங்கோஸ்கோப் என்று ஒரு கருவி. பேட்டரி போட்ட கைப்பிடி, வளைந்த எஃகுத் தகடு, நுனிப்பக்கம் குட்டி பல்பு. டார்ச் லைட்டும் ஷூ மாட்டுகிற கரண்டியும் கல்யாணம் செய்துகொண்டது போலிருக்கும். நாக்கை அதனால் தூக்கிக் குனிந்து பார்த்தால் மூச்சுக்குழாயின் வாசல் தெரியும். எனக்கு மட்டும் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்கு என் முதுகு தெரியும்.

இருபது நர்ஸுகளுக்கு முதுகைக் காட்டியா இந்த வேலையைப் பிடிப்பது? நுனியில் ஒரு கேமராவைப் பொருத்தி, தொண்டையை டி.வி.யில் காட்டினால்?

மலரின் அண்ணன் செல்வராஜ் மச்சான் கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்தார். கோயமுத்தூர்ப் பட்டறைக்காரரிடம் "இது முடியுமா?" என்று கேட்கக் கூடாது. முடியாது என்ற சொல் அவர்களிடம் ஸ்டாக் கிடையாது.

"கேமராதானுங்களே மாப்பள? நகைக்கடைல மாட்டறாங்கல்ல, பொத்தானாட்ட ஒண்ணு, அத ஒட்டிப்போட்டா முடிஞ்சுது" என்றார். மூன்றே நாளில் ஒட்டியும்போட்டார். பம்பு பைப்புக்குள் விட்டுப் பார்த்தோம். உள்ளே இருந்த துரு, டி.வி.யில் தேன்கூடு போல ஜொலித்தது. உலகில் இப்படி ஒன்றை நாங்கள்தான் முதலில் செய்தோம் என்று நம்பினேன். (மச்சான் நம்பவில்லை. அவருக்கு ஐந்து ஹெச்.பி. மோட்டாருக்குக் கீழே உள்ள எதுவும் விளையாட்டுச் சாமான்.)

அந்த நாள் வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குப் பக்கத்து அறையில் ரப்பர் பொம்மை மல்லாந்திருந்தது. முன்வரிசையில் பெரிய டாக்டர், பின்னால் நர்ஸுகள், மேசைமேல் டி.வி. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பி, படம் வரைந்து, இங்கிலீஷில் கால் மணி நேரம் பேசினேன். "இனி மயக்க டாக்டரின் கண் எல்லோருக்கும் சொந்தம்" என்று முடித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மச்சான் பயபக்தியோடு கருவியை நீட்டினார். கண்ணைக் கூட்டத்திலிருந்து எடுக்காமல் வாங்கி, பொம்மையின் வாய்க்குள் விட்டு, டி.வி.யைப் போட்டேன்.

திரை முழுக்கச் சிவப்பு.

மயக்க டாக்டரின் மூளையில், தொண்டையில் சிவப்பு என்றால் ஒரே அர்த்தம்தான். யோசிக்கவே யோசிக்காது. "ரத்தம்! சக்‌ஷன்!" என்று அலறினேன்.

ஹெட் சிஸ்டர் சரசுவும் இருபது வருட அனுபவஸ்தர். அவரும் யோசிக்கவில்லை. ஓடிப்போய் மெஷினைப் போட்டு, உறிஞ்சும் குழாயைக் கையில் திணித்தார். காய்ந்த ரப்பரை நான் உறிஞ்சினேன். "இன்னும் வருது! தலையைச் சாய்ங்க!" சாய்த்தார்கள். ஒரு சின்ன நர்ஸ் பொம்மையின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். நான் கருவியை அழுத்திய அழுத்தலில் அதன் முன்பல் ஒன்று கழன்று தரையில் உருண்டது.

பெரிய டாக்டர் நிதானமாக எழுந்துவந்து பல்லை எடுத்து மேசைமேல் வைத்தார். "டாக்டர், இது பொம்மைங்க" என்றார்.

சரசு சிஸ்டர் கருவியை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "சந்தனம் மணக்குதுங்க டாக்டர். குங்குமமும் இருக்குது."

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள்.

"புது மெஷினுங்களே, பொட்டு வெக்காம எப்படிங்க ஓட்டறது?" என்றார் அவர். "நெத்தி எங்கிருக்குதுன்னு தெரியலைங்க. கண்ணாட்ட ஒண்ணு தெரிஞ்சுது, அங்கயே வெச்சுப்போட்டேன்."

"டி.வி.ய அமத்திப்போட்டு, பழையத எடுங்க டாக்டர்" என்றார் பெரியவர், இரக்கத்தோடு.

எடுத்தேன். வாசலைச் சரியாகப் பார்க்காமல் அவசரப்பட்டேன். டியூபைச் செருகிக் காற்றுப்பையை அமுக்கினேன். நெஞ்சு உயர வேண்டும். பொம்மையின் வயிறு கல்யாண விருந்து சாப்பிட்டது போல உப்பியது. குழாய், சோறு போகிற வழியில் போயிருந்தது.

"பொம்மைக்கே சக்‌ஷன் கேட்டீங்க. மனுசன் வந்தா ஃபயர் இஞ்சினக் கூப்புடுவீங்களோ?" என்றார் பெரிய டாக்டர். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, இத்தனூண்டு கேமராவ இதுல ஒட்டுனது நீங்களா? கெட்டிக்காரத்தனமா செஞ்சிருக்கறீங்க. எங்க ஜெனரேட்டர் ஒண்ணு ரெண்டு மாசமா மக்கர் பண்ணுது. வந்து பாக்கறீங்களா?"

அப்படியாக அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் குடும்பத்துக்கு நிரந்தர வேலை கிடைத்தது. மச்சானுக்கு. நான் இன்னும் ஆறு வருடம் உடுமலைப்பேட்டை பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டேன். மலர் பத்து நாள் அண்ணனோடும் பேசவில்லை, என்னோடும் பேசவில்லை. பதினோராம் நாள் சமையற்கட்டில் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

இப்போது கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. கழுத்து அசையாதவர்களுக்கும் வாய் சரியாகத் திறக்காதவர்களுக்கும் அது பெரிய வரம். ஆனால் சிலரிடம் மூச்சுக்குழாயின் வாசல் டி.வி.யில் பளிச்சென்று தெரியும். டியூப் வளைவில் திரும்பமாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்போதெல்லாம் சத்தமில்லாமல் பழைய எஃகையே எடுக்கிறேன். எடுக்கும்போது சுற்றிலும் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன்.

வீட்டில் மட்டும் விஷயம் ஆறவில்லை. பீட்ரூட் பொரியல் சிந்தினாலும், தக்காளி ரசம் கவிழ்ந்தாலும், யார் முதலில் "சக்‌ஷன்!" என்று கத்துவது என்று போட்டி. சென்ற தையில் மகளின் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசலில் நிற்க, ஆரத்தித் தட்டு கை நழுவி, சிவப்புத் தண்ணீர் படியெல்லாம் ஓடியது. எங்கள் பக்கத்து ஆட்கள் முப்பது பேர், பட்டுச்சேலையும் வேட்டியுமாக, ஒரே குரலில், "சக்‌ஷன்!"

சம்பந்தியம்மா திகைத்துப்போய் மச்சானிடம் கேட்டார்: "இது என்ன சீருங்க? எங்க பக்கம் இல்லீங்களே?"

"எங்க ஊட்டுல மட்டுந்தானுங்க" என்றார் மச்சான், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "பொண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியிருந்தே செஞ்சுட்டு வாரமுங்க."