தோட்டா அங்கிளின் சத்தம்

இந்தத் தேசத்திலேயே அதிகமாகத் தோட்டா செய்து, மிகக் குறைவாகச் சுட்டவர் கோலார் தங்கவயலில் எங்கள் லைனில் குடியிருந்த தோட்டா அங்கிள்தான். இதை யாராவது மறுத்தால் நேரில் வந்து சண்டை போடத் தயாராக இருக்கிறேன்.

லைன் என்றால், நந்திதுர்க் பக்கம் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய தகரக்கூரை வீடுகளின் வரிசை. அதில் கடைக்கோடி வீடு அவருடையது. அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு என்பது அவர் மகளுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்த அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. பாதிரியார், பெண்ணின் தகப்பன் பெயரைப் படித்ததும், யாரப்பா அந்தப் புது ஆள் என்று கோயிலே திரும்பிப் பார்த்தது. அங்கிளும் திரும்பிப் பார்த்தார்.

சுரங்கம் ஓடிய காலத்தில் அவர் லாம்ப் ரூமில் வேலை பார்த்தார். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்குத் தலைவிளக்கை எடுத்துக் கொடுப்பதும், மேலே வந்ததும் திரும்ப வாங்கி மாட்டி வைப்பதும்தான் வேலை. சுரங்கத்தை மூடியதும் லைனில் ஆளுக்கொரு பைத்தியம் பிடித்தது. ஒருவர் புறா வளர்த்தார். ஒருவர் டெல்லிக்கு மனு எழுதிக்கொண்டே இருந்தார். அங்கிள் காலித் தோட்டாக்களை வாங்கி, மருந்தும் ஈயக்குண்டும் அடைத்து, மறுபடி தோட்டாவாக்க ஆரம்பித்தார்.

துப்பாக்கி அவர் அப்பாவுடையது. பங்காருபேட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தில் கடலை போட்டு, பன்றி விரட்ட உரிமம் வாங்கியிருந்தார். நிலம் மகள் கல்யாணத்தில் போயிற்று. நிலத்தோடு பன்றியும் போயிற்று. துப்பாக்கி மட்டும் தங்கிவிட்டது. அதன் உரிமத்தையும், தோட்டா கட்டுவதற்கான அனுமதியையும் கண்ணாடிச் சட்டம் போட்டு இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் மூன்றுக்கும் சேர்த்துக் கும்பிடு போட்டுவிட்டு உட்காருவார்கள்.

சுட்டு வீழ்த்த அவருக்கு எதிரியும் கிடையாது, பறவையும் கிடையாது. கொசுவையே "போ, போ" என்று துண்டால் விசிறி அனுப்புகிறவர். அவர் ஆசை ஒன்றே ஒன்றுதான். என்னிடம் அடிக்கடி சொல்வார்.

"சேகரு, என் கையால கட்டுன தோட்டா ஒண்ணு ஒயுங்கா வெடிக்கணும்டா. புஸ்ஸுன்னு போவக் கூடாது. ஒரே சத்தம். கேட்டுட்டு வந்து நிம்மதியா டீ குடிப்பேன்."

இந்த ஒரு சத்தத்துக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

மருந்தை நிறுக்க ராபர்ட்சன்பேட்டையில் ஒரு தட்டான் தராசு வாங்கி வந்தார். வேறு ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தங்கவயலில் ஓர் ஆள் தட்டான் தராசோடு பஸ்ஸில் வந்து இறங்கினால் என்ன நினைப்பார்கள்? தோட்டா என்பதெல்லாம் சும்மா, உள்ளே தங்கம் ஓடுகிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. ஸ்கெலட்டன் லைன் பக்கத்திலிருந்து ஒருவர் டிபன் கேரியரில் கல் ஒன்றை வைத்துக்கொண்டு பகலிலேயே வந்துவிட்டார்.

"இன்னாப்பா இது?" என்றார் அங்கிள்.

"பாருங்க சார். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆளுக்குப் பாதி."

அங்கிள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல தங்கம் இல்லப்பா. இட்லிதான் ஒட்டிகினு கீது."

வந்தவர் நம்பவில்லை. முழுவதையும் இவரே அமுக்கப் பார்க்கிறார் என்று திட்டிக்கொண்டே போனார்.

பட்டறை எல்லாம் சமையலறையில்தான். தேங்காய்த் துருவி பூட்டியிருந்த மேஜை முனையில் துருவியைக் கழற்றிவிட்டுத் தோட்டா அழுத்தும் கருவியைப் பூட்டினார். அன்றிலிருந்து அவர் மனைவி ஸ்டெல்லா ஆன்ட்டி எங்கள் வீட்டில் வந்துதான் தேங்காய் துருவினார். அங்கிள் ஈயக்குண்டுகளை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தார். ஆன்ட்டி கடுகை வைத்திருந்ததும் ஹார்லிக்ஸ் பாட்டிலில்தான். மீதியை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

ஒரு நாள் ஆன்ட்டி சட்னிக்குத் தாளிக்கப் போனார். எண்ணெய் புகைந்தது. கடுகு வெடிக்கவில்லை.

"இன்னாங்க, இந்தக் கடுகு உங்க தோட்டா மாதிரியே கீதே? வெடிக்கவே மாட்டேங்குது!"

எட்டிப் பார்த்த அங்கிளுக்கு வேர்த்துவிட்டது. "அடியே, அது கடுகு இல்ல! வாணலியோட தூக்கி வெளிய போடு!"

சட்னி தப்பியது. ஆனால் ஆன்ட்டியின் கடுகு எங்கே போயிற்று? அதற்கு அன்று மாலை விடை கிடைத்தது. லைனுக்குப் பின்னால் சுரங்கத்து மண்ணைக் கொட்டி மலையாக்கிய சயனைடு மேட்டின் மேல் நின்று, வானத்தைப் பார்த்து அங்கிள் சுட்டார். "புஸ்" என்றது. கருகிய தாளிப்பு வாசனை இறங்கி வந்தது. கீழே நின்ற நாங்கள் சிரித்த சிரிப்பு பெங்களூருக்கே கேட்டிருக்கும்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்து, லைனே மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த நேரம். யாரிடமும் சொல்லாமல் அங்கிள் மறுபடி மேட்டில் ஏறினார். இந்த முறை தோட்டா வெடித்தது. ஒரே சத்தம். தகரக்கூரை அதிர்ந்தது.

மற்ற ஊரில் துப்பாக்கி வெடித்தால் ஜனங்கள் உள்ளே ஓடுவார்கள். எங்கள் ஊரில் வெளியே வந்துவிட்டார்கள். ராக்பர்ஸ்ட் என்று ஒன்று உண்டு. நிலத்துக்கடியில் பாறை அழுத்தம் தாங்காமல் நொறுங்கும். மேலே வீடு ஆடும். கீழே யார் வீட்டு ஆள் ஷிப்டில் இருக்கிறார் என்று லைனே வாசலுக்கு வந்து, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டின் இரும்புக் கோபுரத்தைப் பார்த்து நிற்கும். சுரங்கம் மூடி வருஷக்கணக்கான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. சோற்றுக் கையோடு எல்லோரும் வாசலில் நின்றார்கள். என் அப்பா மட்டும் முகச்சவரம் பாதியில், கன்னத்தில் நுரையோடு நின்றார். அப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அசடு வழிந்தார்கள்.

எங்கள் லைன் ராஜம்மா அக்கா மட்டும் நிற்கவில்லை. தோளில் ஒரு துண்டு, கையில் டீ ஃபிளாஸ்க். விறுவிறுவென்று ஷாப்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் கணவர் அப்படியொரு ராக்பர்ஸ்டில் கீழேயே போய்விட்டவர். அன்றும் இதே மாதிரி ஃபிளாஸ்க்கோடு போய், ஷாப்டு வாயில் விடிய விடிய நின்றுவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். கணவருக்கு அன்று விளக்கை எடுத்துக் கொடுத்தது தோட்டா அங்கிள். திரும்பி வராத அந்த விளக்கின் காலிக் கொக்கியை முதலில் பார்த்ததும் அவர்தான்.

மேட்டிலிருந்து அங்கிள் துப்பாக்கியோடு ஓடி வந்தார். நாங்களும் பின்னால் ஓடினோம். பூட்டிய கேட்டுக்கு முன்னால், கொடி படர்ந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார்.

"அக்கா, நான்தான்க்கா. நான்தான் சுட்டேன்."

அக்கா அவரையே பார்த்தார். பிறகு கேட்டார். "தம்பி, லாம்பு எல்லாம் வந்துடுச்சா?"

அங்கிள் துப்பாக்கியைக் கீழே வைத்தார். "வந்துடுச்சுக்கா. எல்லாம் வந்துடுச்சு" என்றார்.

"அப்ப சரி" என்று அக்கா திரும்பி நடந்தார். பாதி வழியில் நினைவு திரும்பி, வெட்கப்பட்டுச் சிரித்தார். "எனக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. நீ சுட்டுக்கோ தம்பி, நான் இன்னா சின்னக் கொயந்தையா?" என்று ஃபிளாஸ்க்கைத் திறந்து அவருக்கே டீ ஊற்றிக் கொடுத்தார்.

ஆசைப்பட்ட சத்தம் கேட்டாயிற்று, டீயும் குடித்தாயிற்று. ஆனால் நிம்மதியாகக் குடித்தாரா என்றால், இல்லை. எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் சுடவில்லை. ஆனால் தோட்டா கட்டுவதை மட்டும் விட முடியவில்லை. சனிக்கிழமை கட்டுவார். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடித்து வந்து எல்லாவற்றையும் பிரிப்பார். அடுத்த சனிக்கிழமை மறுபடி கட்டுவார். "சோறாக்கி அரிசியாக்குற ஆளை இங்கதான் பாக்கறேன்" என்று ஆன்ட்டி தலையில் அடித்துக்கொள்வார்.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒரு தடவை புதிதாக வந்திருந்த இன்ஸ்பெக்டர் குழலுக்குள் பார்த்துவிட்டு, "ஏன்ரீ, இதரல்லி ஜேட கூடு கட்டிதே!" என்றார். சிலந்தி கூடு கட்டியிருக்கிறதாம். சுடாதவருக்கு எதற்குத் துப்பாக்கி என்று கேட்டார்.

"எங்க லைன்ல ஒரு அக்கா கீறாங்க சார். அதான் சுடறதில்ல" என்றார் அங்கிள்.

இன்ஸ்பெக்டர் அதை எப்படிப் புரிந்துகொண்டாரோ, எழுந்து நின்று, கூட வந்திருந்த ஆன்ட்டியின் முகத்தை அனுதாபத்தோடு பார்த்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஆன்ட்டி வாயைத் திறக்கவில்லை. வந்ததும் திறந்தார். அதை இங்கே எழுத முடியாது.

ராஜம்மா அக்கா நோய்நொடி இல்லாமல், ஒரு பிற்பகலில் படுத்த படுக்கையில் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த மறுநாள் நான் லீவில் இருந்தேன். அங்கிள் வந்து நின்றார். தோளில் துப்பாக்கி. கையில் ஒரே ஒரு தோட்டா.

"சேகரு, இனிமே சுடலாம் இல்ல?"

"தாராளமா சுடுங்க அங்கிள்."

"நீ லைன் நடுவுல நில்லு. யாராவது பயந்துகினு வெளிய வந்தா, ‘ஒண்ணும் இல்ல, நம்ம தோட்டா அங்கிள்தான்’னு சொல்லு. முக்கியமா வயசானவங்க யாரும் ஷாப்டு பக்கம் போவாம பாத்துக்கோ."

நான் நடுவில் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வெடித்தது. அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை நான் கேட்டதில்லை. மேட்டில் பட்டு, ஷாப்டில் பட்டு, திரும்பி வந்தது. தகரமெல்லாம் அதிர்ந்து அடங்கியது.

ஒரு கதவும் திறக்கவில்லை.

பாதி வீடுகளில் பூட்டு. சின்னவர்களெல்லாம் காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். பெரியவர்கள் பாதிப்பேர் கல்லறைக்குப் போய்விட்டார்கள். ஒரு வீட்டில் டிவி ஓடியது. இன்னொரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பார்சல் கொண்டுவந்த பையன் ஒருவன் பைக்கை நிறுத்தி, கடைசி வீடு எது என்று கேட்டான்.

அங்கிள் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "யார் யார் வந்தாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "யாரும் வரல அங்கிள்."

"கேக்கல போல கீது."

"நல்லா கேட்டுச்சு. கூரையே ஆடுச்சு."

அவர் லைனை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். பூட்டிக் கிடந்த ராஜம்மா அக்கா வீட்டுப் படியில் போய் உட்கார்ந்தார். "அந்தக்கா இருந்திருந்தா ஃபிளாஸ்க் எடுத்துகினு ஓடியிருப்பாங்கடா" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வாழ்நாளெல்லாம் ஆசைப்பட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு மனிதர் இப்படி அழுததை நான் பார்த்திருக்கவே வேண்டாம்.

அடுத்த தேர்தலுக்கு ஸ்டேஷனில் கொடுத்த துப்பாக்கியை அவர் திரும்ப வாங்கவில்லை. மேஜை முனையில் தேங்காய்த் துருவி பழையபடி ஏறியது. அதற்குப் பிறகு ஆன்ட்டி எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்ததில் என் அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். அங்கிளும் சென்ற மழைக்காலத்தில் போய்விட்டார். அடக்கத்துக்குப் பெங்களூரிலிருந்து எல்லோரும் வந்தார்கள். அன்று லைனில் ஒரு கதவு பாக்கியில்லாமல் திறந்திருந்தது. அவருக்குத்தான் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

இப்போது நான் இருப்பது பெங்களூரில் ஒரு அடுக்குமாடியில். போன வாரம் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குப் பாறை உடைத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டு அதிர்ந்தது. அடுத்த கணம் சோற்றுக் கையோடு வெளி நடையில் நின்றிருந்தேன். வரிசையாக மூடிய கதவுகள். லிஃப்டிலிருந்து வந்த எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏனாயித்து சார்?" என்றார், என்ன ஆயிற்று என்று.

"ஒண்ணும் இல்ல சார்," என்றேன். "நம்ம தோட்டா அங்கிள்தான்."