வகுப்புக்குள் எட்டிப் பார்ப்பவர்

உங்கள் வீட்டில் யாராவது ஆன்லைனில் படிக்கிறார்களா? அப்படியானால் எட்டிப் பார்ப்பவர் ஒருவரும் அங்கே கட்டாயம் இருப்பார். படிப்புக்கு நெட் எப்படியோ அப்படித்தான் இவரும். ஒரே வித்தியாசம், நெட் அவ்வப்போது போய்விடும். இவர் போகமாட்டார்.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆன்லைன் படிப்பின் அருமையை இவரைப் போல அறிந்தவர் கிடையாது. டீச்சர் எங்கோ கோயம்புத்தூரில் இருக்க, பாடம் நம் வீட்டுக்குள் வருகிறது, சென்னை ரயிலில் நின்றுகொண்டே போய் வரும் அலைச்சல் இல்லை, புரியாத இடத்தை எத்தனை முறை திருப்பிப் போட்டுக் கேட்டாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை, எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டிலேயே அமைதியாகப் படிக்கலாம் என்று ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்வார். எல்லாம் உண்மைதான். எங்கே நின்று சொல்வார்? படிக்கிறவள் தோளுக்குப் பின்னால் நின்று.

எங்கள் வீட்டில் இந்தப் பதவி என் கணவர் ஹேமநாதனுடையது. திருத்தணிக்கும் கே.ஜி.கண்டிகைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஏறியவர்கள் இறங்குவதற்குள் ஆன்லைன் படிப்பின் நன்மைகளை முழுதாகக் கேட்டாக வேண்டும். என் தங்கை தமயந்தி எங்களோடு இருந்து மெடிக்கல் கோடிங் படித்தாள். நோயாளியின் குறிப்பைப் பார்த்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை அது. பத்தாவதோடு நின்ற எனக்கு அந்த நோய்ப் பெயர்கள் வாயில் நுழையாது. ஆனால் அவள் ஒன்றைக்கூடத் தடுமாறிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாடம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்து இவர் தலை திரைக்குள் இறங்கும்.

"வணக்கம் மேடம், நான் தமயந்தியோட பாவா, அக்கா ஊட்டுக்காரன். பொண்ணு எப்டி படிக்குது?"

"நல்லாப் படிக்கிறாங்க சார். இப்பக் கிளாஸ் போயிட்டிருக்குங்க."

"ஆங், நடக்கட்டும், நடக்கட்டும். சாப்டீங்களா?"

கூடப் படிக்கிறவர்கள் திரையில் வாயைப் பொத்திக்கொள்வார்கள். தமயந்தி மேசைக்கடியில் போய்விடலாமா என்பது போலக் குனிவாள். இவரோ, படிப்புக்கு ஒரு பெரிய ஒத்தாசை செய்துவிட்ட நிறைவோடு ஆட்டோவைக் கிளப்புவார்.

கடைசித் தேர்வு வந்தது. தேறினால், வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை தருவதாகச் சென்னைக் கம்பெனி ஒன்று சொல்லியிருந்தது. தேர்வு அவள் போனில்தான். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். வேறு முகம் தெரிந்தாலோ, வேறு குரல் கேட்டாலோ, திரை மாறினாலோ எச்சரிக்கை வரும். மூன்றாவது எச்சரிக்கையோடு தேர்வு தானாக மூடிக்கொள்ளும். இத்தனையையும் நான் அவருக்கு முதல் நாளே விளக்கியிருந்தேன்.

விளக்கி என்ன பயன்? விடியற்காலையில் மலைக்கோயிலுக்குப் போனவர், தேர்வு தொடங்கிய பிறகு வந்து, நேராக உள்ளே போய் அவள் நெற்றியில் திருநீறு பூசினார். ஒரு திரையில் இரண்டு முகம். முதல் எச்சரிக்கை.

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"இன்னாங்க இது?"

"துன்னூறுதான வெச்சேன். பிட்டா குடுத்தேன்?"

"இன்னும் ரெண்டு வாட்டி இப்டி ஆச்சுன்னா அந்த வேலையே போயிடும். மறுபடி மலைக்குப் போங்க. அங்கயே அவளுக்காக வேண்டிகினு இருங்க. நான் கூப்புட்டா வந்தா போதும்."

போனார். வீடு அமைதியானது. மலைக்கு அனுப்பிவிட்டால் இந்த இனத்திடமிருந்து தப்பிவிடலாம் என்று நம்பிய என்னை என்ன சொல்வது? சற்று நேரத்தில், அவள் தேர்வு எழுதிக்கொண்டிருந்த அதே போனுக்கு வீடியோ கால். கதவிடுக்கில் பார்த்தேன். அவள் துண்டிக்கப்போய் விரல் மாறி எடுத்துவிட்டாள்; திரை நிறைய இவர் முகம், முகத்துக்குப் பின்னால் கோபுரம். இரண்டாவது எச்சரிக்கை.

என் போனில் அவரைப் பிடித்தேன். "உங்கள யாருங்க அவளுக்குப் போன் பண்ணச் சொன்னது? ரெண்டாவது வாட்டி ஆயிடுச்சு!"

"நேர்ல வரக்கூடாதுன்னுதான சொன்ன? அதான் வீடியோல வந்தேன். கோபுர தரிசனம் பண்ணிகினு எழுதட்டுமேன்னு."

போனைப் பட்டென்று வைத்துவிட்டேன். அதில்தான் விஷயம் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. மூடிய கதவுக்கு வெளியே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அப்போது பார்த்துப் பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் வந்து, "இன்னாப்பா, ஊட்டுலயே பரீட்சையாமே? அது எப்டி, சொல்லேன்" என்றாள். இப்படி ஒரு கேள்விக்காக இவர் எத்தனை நாள் காத்திருந்தார்! வாய் திறந்தது. மூடிக்கொண்டது. தோளில் இருந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, போய்விடும்படி அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் நீர் கோத்துவிட்டது. பக்தியா, பேச முடியாத வேதனையா, தெரியாது.

கதவு திறந்தது. முடிவைத் திரையிலேயே காட்டிவிட்டதாம்.

"தேறிட்டேன் பாவா!"

துண்டு கீழே விழுந்தது. "பாத்தியா! இதாம்மா ஆன்லைன் படிப்போட வசதி. காலேஜ்ல எழுதியிருந்தா நாங்கல்லாம் இப்டிக் கூடவே இருந்து ஒத்தாசை பண்ணியிருக்க முடியுமா?"

தமயந்தி என்னைப் பார்த்தாள். நான் கோவிந்தம்மாள் வீட்டுப் பக்கம் பார்த்தேன்; அவள் கேள்விக்குப் பதில் இனித்தான் வரப்போகிறது.

சிரித்தீர்களா? நல்லது. ஆனால் இதைப் பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இப்போதே காட்டிவிட வேண்டும் என்று எழுந்துவிட்டீர்களே, தயவுசெய்து உட்காருங்கள்.