நிற்காத சந்திப்பு

"என்னங்க, மறுபடியும் அதே எடத்துக்கே வந்துட்டேன்."

போனில் மனைவியின் குரல் கேட்டதும் இன்ஜினியர் கட்டுப்பாட்டு அறையின் மூலைக்கு ஒதுங்கினார். அறைச் சுவர் முழுக்கத் திரைகள். திரை முழுக்க, அவர் இரண்டு வருஷம் உயிரைக் கொடுத்து வரைந்த சந்திப்பு. இரண்டு நெடுஞ்சாலைகள் முட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் முன்பெல்லாம் வாரம் தவறாமல் யாராவது யார் மீதாவது ஏறுவார்கள். இப்போது சிக்னலும் கிடையாது, குறுக்கே பாய்கிற வண்டியும் கிடையாது. மேலே பாலம், கீழே பெரிய வட்டம், வட்டத்திலிருந்து கிளை கிளையாக வழிகள். யாரும் எங்கேயும் நிற்கவே வேண்டாம். அன்று காலையில்தான் திறந்திருந்தார்கள். தலைமைப் பொறியாளர் திரைகளைப் பார்த்துப் பூரித்துப் போய் நின்றிருந்தார்.

"எந்த எடம்?" என்றார் இன்ஜினியர், மெதுவாக.

"பாலத்துக்குக் கீழ, நீல பெயின்ட் அடிச்ச தூண். எனக்கும் இந்தத் தூணுக்கும் இப்ப நல்ல பழக்கம் ஆயிடுச்சு."

காரில் அவள் தம்பியும் அப்பாவும் இருந்தார்கள். தம்பிக்கு அன்று பதிவுத் திருமணம். பெண் வீட்டார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா அரை மனதோடு சம்மதித்தவர். சாக்கு எப்போது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பதிவாளரோ, சாப்பாட்டுக்கு எழுந்தால் அன்றைக்குத் திரும்ப மாட்டார் என்று பேர் வாங்கியவர்.

"போர்டைப் பார்த்துப் போம்மா. 'வெளியேறும் வழி'ன்னு இத்தாம் பெருசு பச்சைப் போர்டு இருக்கும்."

"ஒரு போர்டும் இல்லீங்க."

இன்ஜினியர் தனக்குள் சிரித்துக்கொண்டார். பெண்களுக்குக் கண்ணெதிரே இருப்பது தெரியாது என்பது அவருடைய அபிப்பிராயம். தினமும் அவருடைய மூக்குக் கண்ணாடியை அவர் தலையிலிருந்தே எடுத்துக் கொடுப்பது அவள்தான் என்பது அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

"சரி, இடது ஓரமாவே போ. முதல் பிரிவுல திரும்பு."

கொஞ்ச நேரத்தில் போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை போனைப் பிடித்திருந்தவன் கல்யாண மாப்பிள்ளை.

"அத்தான், திரும்பினோம். பாலத்து மேல ஏறினோம். காத்து நல்லா வந்துச்சு. அப்புறம் எறங்கினோம்."

"எங்க எறங்கினீங்க?"

"நீலத் தூண்."

பின்சீட்டிலிருந்து மாமனாரின் குரல் கேட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "மாப்பிள்ளை! முப்பது வருஷம் பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவன் நான். ஒரே ஸ்டாப்பை இத்தனை தடவை பார்த்ததில்ல!"

இன்ஜினியருக்கு நெற்றியில் வேர்த்தது. திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த கண்காணிப்புப் பெண்ணிடம் போய்க் குனிந்தார்.

"மூணாவது கிளையில ஆரஞ்சு கூம்பு வெச்சு அடைச்சிருக்கோம்ல? அதை எடுக்கச் சொல்லும்மா. ஒரே ஒரு கார் வெளிய போகணும்."

"சார், அது பராமரிப்பு வண்டிங்க போற வழி. அது..."

"எடுக்கச் சொல்லும்மா."

எடுத்தார்கள். ஒரு கார் நுழைந்தது. அந்தக் காருக்கு வழி தெரிந்துவிட்டது என்று எண்ணி அடுத்த கார் நுழைந்தது. அப்புறம் பஸ், வேன், மரம் ஏற்றிய டிராக்டர் எல்லாம் நுழைந்தன. பராமரிப்பு வழி பாலத்தின் முதுகை ஒரு சுற்றுச் சுற்றி, அத்தனை பேரையும் பத்திரமாகக் கொண்டுவந்து வட்டத்திலேயே இறக்கிவிட்டது.

"அதைத்தான் சார் சொல்ல வந்தேன்" என்றாள் கண்காணிப்புப் பெண்.

"பாருய்யா!" என்று தலைமைப் பொறியாளர் இன்ஜினியரின் முதுகில் தட்டினார். "வண்டி ஏறிக்கிட்டே போகுது, ஒண்ணாவது நிக்குதா? ஒரு உரசல் உண்டா?"

உண்மைதான். உள்ளே வந்தவர்கள் யாரும் நிற்கவும் இல்லை, உரசவும் இல்லை. வெளியே போகவும் இல்லை.

போன் அடித்தது. "என்னங்க, பொண்ணோட அப்பா கூப்பிட்டுட்டாரு. 'உங்க பையனுக்கு விருப்பம் இல்லேன்னா வாய் விட்டுச் சொல்லிடலாமே'ன்னு கேக்கறாரு. தம்பி அழற மாதிரி இருக்கான்."

"நீ ஒண்ணு பண்ணு. ஓரமா நிறுத்தி விளக்கை மினுக்க விடு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவள் நிறுத்தினாள். விளக்கு மினுக்கியது. அதைப் பார்த்த பின்வண்டிக்காரர், வெளியே போகிற வரிசை இதுதான் என்று முடிவு செய்து தானும் நிறுத்தி விளக்கைப் போட்டார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரிசை பாலம் வரை நீண்டுவிட்டது. ரோந்துக் காவலர் விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்தார்.

"இங்க நிக்கக் கூடாதும்மா! இது நிற்காத சந்திப்பு!"

"எங்க வீட்டுக்காரர்தாங்க நிக்கச் சொன்னாரு."

"அவரு யாரு சொல்றதுக்கு?"

"இதைக் கட்டினவரு."

காவலர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு, "அவர் மேல எனக்கும் ஒரு கோவம் இருக்கு. மொதல்ல நீங்க எடுங்க" என்றார்.

அதற்குள் இன்ஜினியர் ஜீப்பை எடுத்துக்கொண்டு வட்டத்துக்குள் இறங்கிவிட்டார். தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடப்பது போலத்தான் இறங்கினார். ஆனால் இரண்டு வருஷமும் இந்தச் சந்திப்பைக் காகம் பார்க்கிற மாதிரி மேலிருந்துதான் பார்த்திருந்தார். காரோட்டி பார்க்கிற மாதிரி பார்த்தது இதுதான் முதல் தடவை. தரையிலிருந்து பார்த்தால் எல்லாக் கிளையும் ஒன்றுபோலவே இருந்தது. சரி, போர்டைப் பார்ப்போம் என்று நிமிர்ந்தார். கம்பங்கள் வரிசையாக, கம்பீரமாக நின்றிருந்தன. ஒன்றில்கூடப் போர்டு இல்லை.

போன் அடித்தது.

"அத்தான், உங்க ஜீப்பு இப்பதான் எங்களைத் தாண்டிப் போச்சு."

"தெரியும்."

"ரெண்டாவது தடவையா."

"தெரியும்டா!"

"மாப்பிள்ளை, ரைட் ரைட்!" என்றார் மாமனார் பின்னாலிருந்து.

அப்போது முன்னால் ஒரு லாரி தெரிந்தது. தார்ப்பாய் போட்டு மூடிய லாரி. பின்னால் நெடுஞ்சாலைத் துறையின் முத்திரை. இன்ஜினியருக்கு உயிர் வந்தது. நம் துறை வண்டி, வழி தெரியாமல் இருக்குமா? லாரியைப் பிடித்துக்கொண்டார். மனைவியையும் பின்னால் வரச் சொன்னார். அவளுக்குப் பின்னால் மொத்த வட்டமும் வந்தது. லாரி தயங்காமல், திரும்பிப் பார்க்காமல், எல்லாரையும் ஊர்வலமாக அழைத்துப் போய் நீலத் தூணைக் காட்டியது. மறுபடியும் காட்டியது.

இன்ஜினியருக்குப் பொறுக்கவில்லை. லாரியை முந்திப் போய் ஜீப்பைக் குறுக்கே போட்டார். லாரி நின்றது. அதன் பின்னால் கார் நின்றது, பஸ் நின்றது, டிராக்டர் நின்றது. நிற்காத சந்திப்பு அடியோடு நின்றது.

மாப்பிள்ளையின் போனில் இப்போது மணப்பெண்ணே வந்தாள். "இங்க ஜன்னல்லேருந்து பாலம் தெரியுது. உன் காரும் தெரியுது. காலையிலேருந்து அது சுத்தறதைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். பக்கத்துலயே ரோட்டை விட்டு எறங்கற படி இருக்கு பாரு. எல்லா வண்டியும் நின்னுடுச்சுல்ல? நடந்து வந்து தொலை!"

அத்தனை பெரிய சந்திப்பில் நடக்கலாம் என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை கதவைத் திறந்துகொண்டு ஓடினான். மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். மனைவி கார்ச் சாவியைக் கணவன் கையில் வைத்தாள்.

"போர்டு இல்லேன்னு சொன்னேனே, கேட்டீங்களா?"

"நீ போம்மா. நான் இதைச் சரி பண்ணிட்டு வர்றேன்."

அவர் காவலரிடம் விசிலைக் கடன் வாங்கி, ஜீப்பில் கிடந்த வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டு வட்டத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு வண்டியாகக் கேட்டுக் கேட்டு, கையைக் காட்டி வெளியே அனுப்பினார். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் வேறு சொன்னார்கள். வட்டம் பாதி காலியானபோது மனைவி கூப்பிட்டாள். பின்னணியில் கைதட்டல்.

"கையெழுத்துப் போட்டாச்சுங்க! பதிவாளர் நாற்காலியை விட்டு எழுந்தே எழுந்துட்டாரு, அப்பா வாசல்ல குறுக்க நின்னு உட்கார வெச்சுட்டாரு. பொண்ணோட அப்பாவும் சிரிச்சுட்டாரு. வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்த மாப்பிள்ளையை இப்பதான் பார்க்கறாராம்."

இன்ஜினியருக்கு மனசு லேசாகிவிட்டது. விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாரிப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் வந்தார். கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"ஏம்ப்பா, துறை வண்டியை ஓட்டற உனக்குமா வழி தெரியல? போர்டு மாட்டாம விட்ட அந்தப் புண்ணியவான் மட்டும் என் கையில கெடைக்கட்டும்..."

டிரைவர் பாட்டிலை மூடினான். "எல்லாப் போர்டும் என் வண்டியிலதான் சார் இருக்கு. விடியறதுக்கு முன்னாடியே கொண்டாந்துட்டேன், எறங்கற வழிதான் தெரியல."