பத்தில் நாலாவது தாத்தா

ஒரு தாத்தாவின் விலை நாலாயிரம். சட்டமும் ஆணியும் அதில் அடக்கம். இரும்புக் கடைக்காரர் எவ்வளவோ அடித்துப் பேசியும் பழைய சாமான் கடைக்காரன் ஒரு காசு இறங்கவில்லை.

வேறு வழியில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் பரம்பரைக் குடும்பம். அவர்கள் கூடத்தில் தாத்தாவின் பழைய ஓவியம் தொங்குவதாகத் தரகர் நாலு தடவை சொல்லிவிட்டார். இரும்புக் கடைக்காரரின் நிஜத் தாத்தாவுக்கோ ஒரு போட்டோகூடக் கிடையாது. மகளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. இந்த இடம் தட்டிப்போனால் வீட்டில் அவர் தலைதான் உருளும்.

மாட்டும்போது மனைவி படத்தின் பின்பக்கத்தைப் பார்த்தாள். சிவப்பு மையில் 4/10.

"இது என்னங்க?"

"ஏதாவது வீட்டு நம்பரா இருக்கும். ஆணியைக் குடு."

வந்தவர்களில் பையனின் தாய்மாமன் மட்டும் சோபாவில் உட்காரவில்லை. நேரே படத்தடியில் போய் நின்றார்.

"இவரு யாருங்க?"

"எங்க தாத்தா. அப்பாவைப் பெத்தவரு."

"மச்சான், இங்க வாங்களேன். உங்க தாத்தாவை உரிச்சு வச்ச மாதிரி இல்ல? அதே மூக்கு, அதே கோட்டு. அவரு இடது பக்கம் பாக்குறாரு, இவரு வலது பக்கம் பாக்குறாரு, அவ்வளவுதான்."

பையனின் அப்பா எழுந்து வரவில்லை. "வயசானா எல்லாருக்கும் ஒரே ஜாடைதான்" என்று சொல்லி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். மின்விசிறி வேகமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

தாய்மாமன் விடுகிற ஆள் இல்லை. படத்தைத் திருப்பியே விட்டார்.

"பத்துக்கு நாலா? என்ன கணக்கு இது?"

"கொள்ளுத்தாத்தாவுக்குப் பத்துப் பிள்ளைங்க. இவரு நாலாவது" என்றார் இரும்புக் கடைக்காரர். இவ்வளவு நல்ல பொய் வாயில் தானாக வந்ததில் அவருக்கே கொஞ்சம் பெருமை.

"அட, மச்சான். வெள்ளையடிக்கிறப்ப உங்க படத்தை நான்தானே இறக்கினேன்? அதுல பத்துக்கு ஆறுன்னு இருந்துச்சே. அப்ப இவரு நாலாவது, உங்க தாத்தா ஆறாவது. கூடப் பிறந்தவங்க."

இரும்புக் கடைக்காரர் அவசரமாகப் படத்தை நேராகத் திருப்பி வைத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பங்காளிங்க. பொண்ணும் பையனும் அண்ணன் தங்கச்சி முறை ஆகுது" என்ற தாய்மாமன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

உள்ளறையில் மகள் விசும்புவது கேட்டது.

"இல்லீங்க, எங்க தாத்தா தத்துப்பிள்ளை" என்றார் இரும்புக் கடைக்காரர்.

"தத்துப்பிள்ளைக்கு எப்படிங்க அதே மூக்கு வரும்?"

நிஜத்தைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் சம்பந்தம் போகும். இரும்புக் கடைக்காரர் பையனின் அப்பாவைப் பார்த்தார். பையனின் அப்பா தரையைப் பார்த்தார்.

அதுவரை வாய் திறக்காத பையனின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உக்காரு தம்பி" என்றாள் தாய்மாமனிடம். பிறகு இரும்புக் கடைக்காரரின் மனைவி பக்கம் திரும்பினாள்.

"ரெண்டு படத்துலயும் இருக்கிறவரு ஓவியப் பள்ளிக்கூடத்து வாட்ச்மேன்ங்க. கோட்டு மாட்டி நடுவுல உக்கார வச்சு, பசங்க சுத்தி இருந்து பரீட்சைக்கு வரைஞ்சது. அந்தப் பழைய சாமான் கடைக்காரன் மார்க்குக்கு ஆயிரம்னு விக்கிறான். உங்க தாத்தா நாலு, எங்க தாத்தா ஆறு, ஆக ரெண்டாயிரம் அதிகமா ஏமாந்தது நாங்கதான்."