பால் காய்ச்சிக் குடிபோன இணையதளம்

என் வீட்டுக்காரர் அங்கப்பன் வீடு மாற்றுவதென்று சபதம் எடுத்தார். குடியிருக்கும் வீட்டை அல்ல. அதுவாக இருந்தால் நானே பாத்திரங்களைக் கட்டியிருப்பேன். அவர் மாற்றக் கிளம்பியது, எங்கள் ஊரான கணபதியில் இருக்கும் கிரைண்டர் கடையின் இணையதளத்தை.

பழைய சர்வரில் ஒரு பக்கம் திறப்பதற்குள் அரிசி ஊறிவிடுகிறதாம். புதுக் கம்பெனிக்காரர்கள் கண் சிமிட்டும் நேரத்தில் திறந்து காட்டினார்களாம்.

"ஊடு மாறுனாலும் கூகுள்ல நம்ம மொதலிடம் மாறாது. பாத்துட்டே இரு, அம்மணி."

அந்த முதலிடம் லேசுப்பட்டதல்ல. கோபியில் கல் தேய்ந்தாலும் தாராபுரத்தில் பெல்ட் அறுந்தாலும் ஜனங்கள் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுகிறார்கள். தட்டினால் முதலில் வருவது நாங்கள். கடை ஓடுவதே அதில்தான். முதலில் வருவதற்குக் காரணம், பதினோரு வருடமாக நான் எழுதிப் போட்ட நாற்பத்து மூன்று பக்கங்கள். 'மாவு ஏன் சூடாகிறது', 'கல்லைக் கொத்தலாமா, மாற்றலாமா', 'புதுக் கிரைண்டரில் முதலில் எதை ஆட்டுவது' என்று வாடிக்கையாளர்கள் கேட்டதற்கெல்லாம் பதில். அவர் அதில் ஒரு வரி படித்ததில்லை.

"இதெல்லாம் எதுக்கு? சமையக்கட்டுப் பேச்சு. புது ஊட்டுக்குப் பழைய தட்டுமுட்டுச் சாமானத் தூக்கிட்டுப் போவாங்களா?"

"அந்தத் தட்டுமுட்டுச் சாமானப் பாத்துத்தானுங்க ஆளு வருது."

"ஆளு எம் பேருக்கு வருது. இருவத்தஞ்சு வருசக் கடை."

"அப்ப நான் எழுதுன பக்கத்தையெல்லாம் நானே எடுத்துக்கட்டுங்களா?"

"எடுத்துக்க."

"வெக்கறதுக்குத் தனியா ஒரு எடம் புடிச்சுக்கறேனுங்க."

"புடிச்சுக்க."

"பழைய விலாசத்துல வந்து கேக்கறவங்களுக்கு, 'இங்க இல்லைங்க, அந்த ஊட்டுல இருக்குது'ன்னு உங்க புது வாசல்ல எழுதிப் போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுக்க, புள்ள. நொய்நொய்ங்காத."

கான்வென்ட் சிஸ்டர்கள் எனக்கு உருப்படியாகச் சொல்லித் தந்தது இரண்டு. ஒன்று கையெழுத்து. இன்னொன்று, எதையும் கேட்டுவிட்டுச் செய்வது.

எதிர் வீட்டு ஹுமேரா வீட்டிலிருந்தே இணையதள வேலை பார்ப்பவள். அவள் வீட்டுக்காரர் முஸ்தபா கிரைண்டர் கல் கொத்துபவர். எங்கள் கடைக்கும் அவர்தான் வருவார். ஹுமேராவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, யாராவது பழைய பக்கத்தத் தேடி வந்தா தானா உங்க புது எடத்துக்குக் கொண்டுபோய் உட்டுடலாம். கொஞ்ச நாள்ல கூகுளும் புரிஞ்சுக்கும், பக்கத்தோட பேரும் புகழும் உங்க பக்கம் வந்துரும். அண்ணன் சரின்னுட்டாரா?"

"மூணு தடவ."

"எதுக்கும் வாட்ஸ்அப்ல ஒரு வார்த்த வாங்கிக்கங்க."

கேட்டேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டி ஒரு படம் அனுப்பினார். போதாதா? நாற்பத்து மூன்று பக்கங்களும் ஹுமேரா கைக்குப் போயின.

வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் குடிபோனோம். கடை மேசையில் மடிக்கணினி, அதற்குச் சந்தனப் பொட்டு, பக்கத்தில் கரண்ட் அடுப்பில் பால். புதுக் கம்பெனி அம்மாள் போனில் காத்திருந்தாள்.

"சார், மாத்திடட்டுங்களா?"

"இருங்க மேடம். இன்னும் பொங்கல."

கிழக்கே பொங்க வேண்டுமென்று பாத்திரத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார். பால் கணினிப் பக்கம் பொங்கியது. விசைப்பலகையில் மூன்று எழுத்துகள் அன்றோடு வேலை நிறுத்தம். ஆனாலும் குடி போயாயிற்று. புது இணையதளத்தைத் திறந்தால் முன்னால் இவர் படம்தான். கை கட்டி நிற்கிறார். கீழே 'நிறுவனர் செய்தி'. அதற்கும் கீழே இன்னொரு படம், பக்கவாட்டில்.

அன்றே பழைய கம்பெனிக்கும் சாவியைக் கொடுத்துவிட்டார். காலி செய்த வீட்டுக்கு யார் வாடகை கட்டுவார்கள் என்று கேள்வி.

மறுநாளிலிருந்து ஒரு மணிக்கொரு தரம் தட்டிப் பார்ப்பார்.

"பாரு அம்மணி, மொதலிடம்."

எட்டிப் பார்த்தேன். 'அங்கப்பன் கிரைண்டர்ஸ் கணபதி' என்று தட்டியிருந்தார். தன் பேரைச் சொல்லித் தன்னையே கூப்பிட்டால் தான்தானே திரும்பிப் பார்ப்பார்?

இரண்டு வாரம் போனது. முதலிடம் அப்படியே இருந்தது. கடை போன்தான் அடிக்கவில்லை.

கல்லாவுக்கும் ஷட்டருக்கும் நடந்தார். போனைத் தட்டினார். சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினார். என் போனை வாங்கித் தனக்கே அடித்துப் பார்த்தார். அடித்தது. அதற்கும் கோபம். ராத்திரிச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவர் எனக்குத் தள்ளிவிட்ட பழைய போனில் புது நம்பர் போட்டு, அதை அரிசி டப்பாவுக்குள் வைத்திருந்தேன். அது உர்ரென்று ஆரம்பித்தால் மிக்சியைப் போடுவேன். அவர் அசந்த நேரம் பார்த்துத் திருப்பிக் கூப்பிட்டு, நோட்டில் பேர் எழுதிக்கொள்வேன். ஒரு வாரத்தில் அத்தனை தேங்காய்ச் சட்னி எங்கள் வீட்டில் எப்போதும் அரைத்ததில்லை.

"ஏ புள்ள, இந்த முஸ்தபாவுக்கு மட்டும் எங்கிருந்து வேல வருது? எப்பக் கூப்புட்டாலும் தொண்டாமுத்தூர்ல இருக்கறேங்கறான்."

"அவரு நேரம் நல்லாருக்குதாட்ட இருக்குதுங்க."

மூன்றாம் வாரம் முகம் சுருங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. எனக்குப் பொறுமை எப்போதுமே கம்மி.

"ஏனுங்க, உங்க பேரு தெரிஞ்சவன் நேரா போன் பண்ண மாட்டானா? தேடறவனுக்குப் பேரு தெரியாதுங்க, கஷ்டம்தான் தெரியும். 'மாவு நைசா வரல'ன்னு தட்டிப் பாருங்க."

தட்டினார். உருட்டினார். இன்னும் உருட்டினார். எங்கள் கடை நாலாம் பக்கத்தில், ஒரு மாவு மில்லுக்குக் கீழே கிடந்தது.

"மொதல்ல யாரோ 'மாவு நல்லா வரணும்'னு பேரு வெச்சிருக்கறாங்க." குரல் இறங்கிப் போயிருந்தது. பிறகு ஹாலில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "'கல்லு தேஞ்சா உங்க தப்பில்ல. தேஞ்சது தெரியாம ஆட்டுனாத்தான் தப்பு.' எப்பிடி எழுதியிருக்கறாங்க பாரு. கேளு, 'மாவு சூடானா மனசையும் மோட்டாரையும் கொஞ்சம் ஆற உடுங்க.' அடடா. இப்பிடி எழுதத் தெரியோணும். நீயும்தான் எழுதுன."

"ஆமாங்க."

"ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சிருப்பேன், தெரிஞ்சிருந்தா."

பதினோரு வருடம் கழித்துக் கிடைத்த பாராட்டு. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"இவங்க நம்பர் இருக்குது. கூப்புட்டு, எப்பிடி மொதலிடம் புடிச்சீங்கன்னு பணிவா கேட்டுப்போடறேன். தொழில்ல என்ன வெக்கம்?"

நம்பரை அமுக்கினார். அடுப்படியில் அரிசி டப்பா உறுமியது. அன்றைக்கு மிக்சியைப் போடவில்லை. டப்பாவைத் திறந்து, போனிலிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, நோட்டைப் பிரித்து எடுத்தேன்.

"வணக்கமுங்க. பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன். உங்களுக்கு முன்னாடி இருவத்தாறு பேரு இருக்கறாங்க."